மழைக்காலத் தோட்டப் பாதையில் ஃபோர்வீல் வண்டி: லோ கியரும் டிஃப் லாக்கும்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் வடகிழக்குப் பருவக்காற்று நமது தீபகற்பத்தின் கிழக்குக் கரையை நனைக்கத் தொடங்கிவிடுகிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய மாநிலங்களின் தோட்டப் பாதைகள் மார்ச் மாதம்வரை முற்றிலும் உலர்வதே அரிது. மேற்குக் கரையிலுள்ள தோட்டங்களும் இதிலிருந்து தப்பிவிடுவதில்லை. பருவக்காற்று மாறும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகல்தோறும் இடியுடன் பொழியும் மழை, அரைமணி நேரத்தில் செம்மண் பாதையைச் சவுக்காரம் பூசிய பலகைபோல் ஆக்கிவிடும். காலையில் கவலையின்றி ஏறிச் சென்ற அதே மேட்டில், மாலையில் இறங்கி வருவதற்கு ஓட்டுநர் அஞ்சி நிற்க வேண்டிய நிலை ஏற்படுகிறது.

அவ்வண்டியை நம்பியிருப்போர் பலர். மலைக்காட்டில் சேகரித்த பால், உறைவதற்கு முன்பு நிலையம் வந்து சேர வேண்டும். நள்ளிரவில் பேறுகால வலி கண்ட தாய் மருத்துவமனையை அடைய வேண்டும். பாம்பு தீண்டிய தொழிலாளிக்கும், மரத்திலிருந்து விழுந்த கிளையால் காயமுற்றவருக்கும் தோட்டத்து ஃபோர்வீல் வண்டியே முதல் ஆம்புலன்ஸ். ஆகவே அவ்வண்டியின் இரண்டு முக்கிய உறுப்புகளைப் பற்றி, அதாவது லோ கியர், டிஃப் லாக் என்று ஓட்டுநர்கள் குறிப்பிடும் இரண்டினைப் பற்றி, ஓட்டுபவர் மட்டுமன்றி அதில் ஏறிச் செல்பவரும் ஓரளவு அறிந்திருத்தல் நலம். இவ்விரண்டும் எல்லா ஆபத்தையும் நீக்கிவிடும் மந்திரம் என்று நினைப்போர் உளர். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் பயன்படுத்துவோரும் உளர். இவ்விரு பிழைகளாலும் வண்டிகள் பள்ளத்தில் விழுந்திருக்கின்றன.

இக்கட்டுரையாளர் சிறுவனாக இருந்தபோது தோட்டத்தில் ஒரு பழைய லேண்ட் ரோவர் இருந்தது. அதன் கியர்க் கம்பிக்கு அருகில் சிவப்புத் தலையுடைய கம்பி ஒன்றும், மஞ்சள் தலையுடைய கம்பி ஒன்றும் நின்றன. அவற்றைத் தொடக்கூடாது என்பது பிள்ளைகளுக்கு இடப்பட்ட கட்டளை. ஆகவே தொட்டுப் பார்க்கும் ஆசை எங்களுக்கு மிகுதியாயிற்று. மஞ்சள் கம்பியை அழுத்தினால் முன் சக்கரங்களுக்கும் விசை செல்லும். சிவப்புக் கம்பியைப் பின்னால் இழுத்தால் வண்டி லோ கியருக்கு மாறும். அப்போது முன் சக்கரங்களும் தாமாகவே இணைந்துகொள்ளும். 1948ஆம் ஆண்டில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட லேண்ட் ரோவர் பல உருமாற்றங்களைக் கண்டுவிட்டது. இன்று நம் தோட்டங்களில் ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் போன்ற பிக்கப் வண்டிகளையே மிகுதியாகக் காண்கிறோம். கம்பிகளுக்குப் பதிலாக 2எச், 4எச், 4எல் என்று எழுதப்பட்ட திருகு ஒன்று இருக்கிறது. தோற்றம் மாறினாலும் உள்ளே நடப்பது பெரும்பாலும் அதே வேலைதான்.

2எச் என்பது பின் சக்கரங்கள் மட்டும் வண்டியைத் தள்ளும் நிலை. தார்ச்சாலைக்கு உரியது இதுவே. 4எச் என்பது நான்கு சக்கரங்களும் வழக்கமான வேகத்தில் இயங்கும் நிலை. நனைந்த, ஆயினும் ஓரளவு சமமான செம்மண் பாதைக்கு இது போதும். 4எல் என்பதே லோ. நான்கு சக்கரங்களும் இயங்கும்; ஆனால் வண்டியின் வேகம் குறைந்து, வலிமை பெருகும்.

வலிமை எங்கிருந்து பெருகுகிறது? எஞ்சினின் சக்தி கூடிவிடுவதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் பெட்டி என்று மற்றொரு பெட்டி உள்ளது. அதிலே சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுமாறு அமைத்தால், வேகம் குறைந்து சுழற்றும் விசை அதே அளவில் பெருகும். ரப்பர்த் தகடு அழுத்தும் கையுருளை இயந்திரத்தைச் சுற்றியவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கைப்பிடி பல சுற்றுச் சுற்றினால் உருளை ஒரு சுற்று அசையும். அந்த ஒரு சுற்றில் தடித்த ரப்பர் நசுங்கி வெளிவரும்.

கணக்காகவே பார்ப்போம். முதற் கியரில் எஞ்சின் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது என்று கொள்வோம். சக்கர அச்சிலுள்ள பற்சக்கரங்கள் மேலும் நான்கில் ஒரு பங்காகக் குறைக்கின்றன. ஆக, எஞ்சின் 16 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். இன்றைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் லோ கியர் இதனை ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூட்டுகிறது. அப்போது 40 சுற்றுக்கு ஒரு சுற்று. எண்ணெய் மிதியைத் தொடாமலேயே எஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்றுச் சுற்றுவதாக வைத்துக்கொண்டால், ஹையில் வண்டி மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும். லோவில் 3 கிலோமீட்டருக்கும் குறைவு. பால் வாளி சுமந்து நடக்கும் தொழிலாளிகூட அவ்வண்டியை முந்திச் சென்றுவிடலாம்.

ஏறுவதற்கே லோ கியர் என்று பலர் கருதுகின்றனர். ஏறுவதற்கு அது உதவுகிறது என்பது உண்மையே. ஆயினும் அதன் பெரும் பயன் இறங்குவதில்தான் இருக்கிறது. மேட்டில் ஏற முடியாத வண்டி பெரும்பாலும் நின்றுவிடும். இறக்கத்தில் கட்டுப்பாடிழந்த வண்டி நிற்பதில்லை.

ஈரச் செம்மண் இறக்கத்தில் ஓட்டுநர் அச்சத்தால் பிரேக்கை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் சுழலாமல் நின்றுவிடுகிறது. ஆனால் வண்டி நிற்பதில்லை. நின்ற சக்கரங்களோடு சறுக்கிச் செல்கிறது. சுழலாத முன் சக்கரத்தை ஸ்டியரிங் எப்பக்கம் திருப்பினாலும் வண்டி அப்பக்கம் திரும்பாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாதவாறு பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் சாதனம் புதிய வண்டிகளில் உண்டு. தார்ச்சாலையில் அது பேருதவி செய்கிறது. ஆயின் சேற்றிலும் பரல் மண்ணிலும் அதனால் வண்டி நிற்கும் தூரம் நீண்டுவிடுவதும் உண்டு.

லோ கியரில் முதற் கியரைப் போட்டு இறங்கினால் நிலைமை வேறு. இப்போது சக்கரம் ஒருமுறை சுழல வேண்டுமாயின் எஞ்சினை 40 முறை சுழற்றியாக வேண்டும். எஞ்சின் அதற்கு இணங்காமல் இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுவை நான்கு சக்கரங்களுக்கும் செல்வதால், எதுவும் பூட்டிக்கொள்ளாமல் எல்லாம் மெல்லச் சுழன்றுகொண்டே வரும். சுழலும் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படும்.

இதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, சமதரையில் வண்டியை முழுவதும் நிறுத்தி, கிளட்சை மிதித்து, லோவுக்கு மாற்ற வேண்டும். தானியங்கிக் கியர் வண்டியாயின் நியூட்ரலில் வைத்து மாற்றி, பின்னர்க் கையால் முதற் கியரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கத் தொடங்கிய பிறகு கிளட்சைத் தொடவே கூடாது. கிளட்சை மிதித்த கணமே எஞ்சினுக்கும் சக்கரத்திற்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும். வண்டி தன்னிச்சையாக ஓடும். நடுவில் கியர் மாற்றுவதும் இத்தகைய பிழையே. பழக்கத்தால் இடது கால் கிளட்சின்மேல் போய் நிற்கும். அந்தக் காலைத் தூக்கித் தரையில் வைத்துவிடுவதே நல்லது.

பின்புறம் ஒருபக்கமாக ஒதுங்கி வருமாயின் பிரேக்கை விட்டுவிட்டு, எண்ணெயைச் சிறிதளவு மிதிக்க வேண்டும். இறங்கும்போது எண்ணெய் கொடுப்பதா என்று மனம் மறுக்கும். ஆனால் வண்டி போகும் வேகத்திற்குச் சக்கரமும் சுழன்றால்தான் மண்ணில் அதற்குப் பிடிப்புக் கிடைக்கும். பிடிப்பு வந்ததும் காலை மெல்ல எடுத்துவிடலாம். புதிய வண்டிகள் சிலவற்றில் இறக்க வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் சாதனம் உள்ளது. அது ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியே பிடித்து விடுகிறது. அது இருந்தாலும் லோ கியரில் இறங்குவதே முறை.

சேற்றில் மட்டும் முதற் கியர் வேண்டா. விசை மிகுதியானால் சக்கரம் வீணே சுழன்று குழி தோண்டிவிடும். லோவில் இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில், நிற்காமல், ஒரே சீராகச் செல்வதே பொருத்தம்.

இனி டிஃப் லாக்கிற்கு வருவோம். அதை அறிய வேண்டுமானால் முதலில் அது பூட்டுகின்ற டிஃபரன்ஷியல் என்ற உறுப்பை அறிய வேண்டும்.

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடுகிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் அகலம் இருக்குமானால், வண்டி ஒரு முழு வட்டமடிக்கையில் வெளிச்சக்கரம் ஏறத்தாழ 9 மீட்டர் கூடுதலாக ஓடும். அதாவது நான்கு சுற்று அதிகம். இரண்டையும் ஒரே இரும்புக் கம்பியில் இறுக்கிவிட்டால் ஒன்று மண்ணில் தேய்ந்தாக வேண்டும், அல்லது கம்பி முறிந்தாக வேண்டும். இச்சிக்கலைத் தீர்ப்பதற்காக அச்சின் நடுவே வைக்கப்பட்ட பற்சக்கரத் தொகுதியே டிஃபரன்ஷியல். அது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிறது; ஆனால் இரண்டிற்கும் ஒரே அளவு விசையைத்தான் பகிர்ந்தளிக்கிறது.

அந்தச் சமபங்கிலேதான் தொல்லை இருக்கிறது. காண்டாக் கம்பில் இரு பக்கமும் பால் வாளி தொங்கவிட்டுத் தோளில் சுமந்தவர்கள் இதனை நன்கு அறிவார்கள். இரு வாளியும் சம எடையாயின் கம்பு தோளில் அமைதியாக நிற்கும். ஒரு பக்கத்து வாளியை யாரேனும் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? மறுபக்கத்து வாளியை மட்டும் கம்பு தாங்கிக்கொண்டு நிற்குமா? நிற்காது. வெறும் முனை மேலே எழும்பும். பால் நிறைந்த வாளி தரையில் விழும். கம்பின் ஒரு முனையில் எவ்வளவு எடை இருக்கிறதோ, அவ்வளவைத்தான் மறுமுனையிலும் சுமக்க இயலும்.

டிஃபரன்ஷியலும் அப்படியே. இடது பின் சக்கரம் சேற்றில் பிடிப்பின்றிச் சுழலுமாயின் அதைச் சுழற்றச் சிறிதளவு விசையே போதும். ஆகவே கெட்டித் தரையில் நிற்கும் வலது சக்கரத்திற்கும் அதே சிறிதளவுதான் கிடைக்கிறது. அது வண்டியைத் தள்ளப் போதாது. எஞ்சின் உறுமுகிறது, சேறு தெறிக்கிறது, வண்டி அசையாமல் நிற்கிறது. நான்கு சக்கர விசை என்ற பெயர் இருந்தும் வண்டி ஏன் நின்றது என்று வியப்போருக்கு விடை இதுவே. 4எச் அல்லது 4எல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் இணைகின்றன. ஆனால் ஒவ்வோர் அச்சிலும் ஒரு சக்கரம் பிடிப்பிழந்தால் மற்ற இரண்டும் வேலையற்று நிற்கும். மழைநீர் அரித்த பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கும்போது ஒரு முன் சக்கரமும் அதற்கு எதிர்மூலையிலுள்ள பின் சக்கரமும் ஒருசேரத் தூக்கிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். அப்போது நேர்வது இதுதான்.

டிஃப் லாக் என்பது காண்டாக் கம்பைத் தோளோடு அசையாமல் கட்டிவிடுவதற்கு ஒப்பானது. இரு சக்கரங்களும் ஒரே கம்பியில் இறுக்கப்பட்டவைபோல் ஒரே வேகத்தில் சுழலும். ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் மற்றொன்று தன் பிடிப்புக்கேற்ற முழு விசையையும் பெற்று வண்டியை நகர்த்தும். பின் சக்கரம் ஒன்று பாதையோர வடிகாலில் இறங்கிவிட்ட வண்டியை, பத்துப் பேர் தள்ளியும் நகராத வண்டியை, இந்த ஒரு பொத்தான் சில விநாடிகளில் வெளியே கொண்டுவந்துவிடுவது உண்டு.

எல்லா வண்டியிலும் இஃது இல்லை. பிக்கப் வண்டிகளில் உயர்ந்த வகைகள் சிலவற்றில் பின் அச்சுக்கு மட்டும் தரப்பட்டிருக்கிறது. சிலவற்றில் லோ கியரில் இருக்கும்போது மட்டுமே அது இயங்கும். நான்கு சக்கரங்களும் எந்நேரமும் இயங்குமாறு அமைந்த டிஃபெண்டர் போன்ற வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே மற்றொரு டிஃபரன்ஷியல் உண்டு. அங்கே காணப்படும் பூட்டு அந்த நடுப்பகுதிக்கு உரியது. நமது வண்டியில் எது பூட்டப்படுகிறது என்பதைக் கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் பொத்தானை அழுத்துவதில் பயனில்லை.

பூட்டுவதற்குரிய நேரம் சிக்கிக்கொள்வதற்கு முந்தைய நேரமே. பள்ளத்தைக் கண்டவுடன் நிறுத்தி, இறங்கிச் சென்று பார்த்து, லோவுக்கு மாற்றி, தேவையாயின் பூட்டைப் போட்டு, அதன்பிறகு உள்ளே செல்ல வேண்டும். சக்கரம் வெறியோடு சுழன்றுகொண்டிருக்கும்போது பொத்தானை அழுத்தினால், ஓடும் பற்களும் நின்ற பற்களும் மோதி நொறுங்க நேரிடும். எண்ணெயிலிருந்து காலை எடுத்து, சக்கரங்கள் நின்றபின் அழுத்துக. விளக்குச் சிமிட்டிக்கொண்டிருந்தால் பற்கள் இன்னும் பொருந்தவில்லை என்பது பொருள். மெல்ல ஓரடி நகர்ந்ததும் பொருந்திவிடும்.

பூட்டிய வண்டி திரும்புவதற்கு மறுக்கும். நேராகவே செல்ல விழையும். இதனை மறந்து வளைவில் போனவர்கள் வளைவின் வெளிப்புறத்துப் பள்ளத்திற்குச் சென்றிருக்கிறார்கள். டிராக்டர் ஓட்டும் தோழர்களுக்கு இது புதிதன்று. டிராக்டர்கள் பலவற்றில் காலடியில் டிஃப் லாக் மிதி இருக்கிறது. சக்கரம் சுழன்றால் மிதிப்பதும், திரும்புவதற்கு முன்பு விடுவிப்பதும் அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டன. பிக்கப் வண்டியில் அது பொத்தானாக இருப்பதால், ஒருமுறை அழுத்திவிட்டு மறந்துவிடுகிற அபாயம் மிகுதி. பூட்டிய நிலையில் சில வண்டிகளில் ஏபிஎஸ் சாதனமும் ஓய்ந்துவிடும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மற்றோர் இடத்திலும் பூட்டு நமக்குப் பகையாகும். பாதை ஒருபக்கம் சாய்ந்து, கீழே பள்ளமும் இருக்குமானால், பூட்டாத அச்சில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழலும். மற்றது அசையாமல் மண்ணைப் பிடித்துக்கொண்டு வண்டியை நிறுத்தி வைக்கும். பூட்டிய அச்சிலோ இரு சக்கரமும் ஒருங்கே சுழன்று, ஒருங்கே பிடிப்பிழக்கும். அப்போது பின்புறம் முழுவதும் பள்ளத்துப் பக்கம் வழுக்கும். குன்றை வெட்டி அமைத்த படிவரிசைப் பாதைகளில் இத்தகைய சாய்வுகள் ஏராளம். அங்கெல்லாம் பூட்டை நம்புவதைவிட, மண்வெட்டியால் மேட்டுப்பக்கத்தைச் சற்றுச் செதுக்கிப் பாதையைச் சமமாக்கிக்கொள்வது அறிவுடைமை. கால் மணி நேர வேலைதான்.

காய்ந்த தார்ச்சாலைக்கு வந்ததும் டிஃப் லாக், 4எல், 4எச் அனைத்தையும் விடுவித்துவிட வேண்டும். நடு டிஃபரன்ஷியல் இல்லாத பிக்கப் வண்டிகளில் 4எச்சும் முன் அச்சையும் பின் அச்சையும் இறுகப் பிணைத்துவிடுகிறது. சேற்றில் டயர் சற்றே வழுக்கி அந்த முறுக்கத்தைப் போக்கிக்கொள்ளும். தாரில் அது வழுக்காது. ஸ்டியரிங் கனக்கும், டயர் தேயும், பற்சக்கரங்கள் இறுகிப்போய்த் திருகு 2எச்சுக்கு வர மறுக்கும். அப்படி இறுகினால் வலிந்து திருக வேண்டா. சில மீட்டர் நேராகப் பின்னோக்கிச் சென்றால் பெரும்பாலும் தளர்ந்துவிடும்.

ஏறும் முயற்சி பாதியில் தோல்வியுறும் வேளையே உயிருக்கு மிகவும் ஆபத்தான வேளை. வண்டி ஏற முடியாமல் நின்றுவிடுகிறது. ஓட்டுநர் கிளட்சை மிதித்துப் பின்னால் உருள விடுகிறார், அல்லது அங்கேயே வண்டியைத் திருப்ப முயல்கிறார். குறுக்கே திரும்பிய வண்டி சாய்வில் கவிழ்ந்து உருளும். இத்தகைய வேளையில் செய்யத்தக்கது ஒன்றே: பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்துக, கைப்பிரேக்கையும் இழுக்க, லோ கியரிலேயே ரிவர்ஸ் போடுக, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, எஞ்சினின் இழுவையிலேயே ஏறிய தடத்தில் பின்னோக்கி இறங்குக. எஞ்சின் அணைந்துபோயிருந்தால் முதலில் பிரேக்கால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, அதன்பிறகு இயக்குக.

கைப்பிரேக்கைப் பற்றி ஒரு செய்தி. டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கு 4எச்சுக்கும் 4எல்லுக்கும் இடையே ஒரு நியூட்ரல் நிலை உண்டு. தவறுதலாக அந்நிலையில் நின்றுவிட்டால், கியர் பெட்டியில் முதற் கியர் போட்டிருந்தாலும், தானியங்கி வண்டியில் பார்க் போட்டிருந்தாலும், சக்கரத்தைப் பிடித்து நிறுத்த எஞ்சினால் இயலாது. ஒரு தோட்டத்தில் பிக்கப் வண்டியொன்று இவ்வாறே, கியரில் விட்ட வண்டிதானே என்ற நம்பிக்கையில், கைப்பிரேக் இழுக்காமல் பால் நிலையத்தின் மேட்டில் நிறுத்தப்பட்டது. நாங்கள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அது ஆளின்றி இறங்கத் தொடங்கியது. பால் வாளிகளை அடுக்கிக்கொண்டிருந்த இரு பெண்கள் கூச்சல் கேட்டு விலகினர். வண்டி வடிகாலில் மூக்கை நுழைத்து நின்றது. எவருக்கும் காயமில்லை. அன்று முதல் அத்தோட்டத்தின் ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு மரக்கட்டைகள் இருக்கலாயின.

பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்போர் மேலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அதன் கைப்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் தண்டில் இருக்கிறது. டயர் மாற்ற ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கினால், டிஃபரன்ஷியலின் காரணமாக அந்தச் சக்கரம் சுழல, மறுசக்கரமும் எதிர்ப்புறமாகச் சுழன்று வண்டி ஜாக்கியிலிருந்து விழக்கூடும். தரையிலுள்ள சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடலாகாது.

பின்தட்டில் ஏறிச் செல்லும் தொழிலாளர்களுக்கும் சில சொற்கள். லோ கியரும் டிஃப் லாக்கும் தேவைப்படுகிற அளவுக்குப் பாதை கெட்டிருக்குமாயின், அங்கே ஆட்கள் இறங்கி நடப்பதே தக்கது. ஓட்டுநர் இறங்கச் சொன்னால் அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டா. மேட்டில் தத்தளிக்கும் வண்டியின் பின்னால் நின்று தோள் கொடுத்துத் தள்ளும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். இரண்டு டன் எடையுள்ள வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கினால் எத்தனை தோள்கள் இருந்தும் பயனில்லை. கயிறு கட்டி இழுக்கும்போது, அக்கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்திற்கு எவரும் நெருங்கக் கூடாது. அறுந்த கயிறோ, கழன்று பறக்கும் கொக்கியோ ஆளைக் கொன்றுவிடும் வேகத்தில் வரும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஓடிவருவார்கள். அவர்களை முதலில் அப்புறப்படுத்துக.

பால் தொட்டி ஏற்றிச் செல்லும்போது பாதி நிறைந்த தொட்டி முழுத் தொட்டியைவிடத் தொல்லை தரும். உள்ளே பால் அலைபோல் எழுந்து ஒரு பக்கமாக மோத, சாய்வில் செல்லும் வண்டி மேலும் சாயும். பால் உறைந்துவிடுமே என்ற அவசரத்தில் ஓட்டுநர் விரைவது இயல்பு. ஒரு தொட்டிப் பாலின் விலை கணக்கிடத்தக்கது. அது கெட்டால் நட்டம் என்பது உண்மையே. ஆனால் அந்த நட்டத்தை அடுத்த மாதமே ஈடுசெய்துவிடலாம்.

பாதை இறங்கத் தகுதியற்றது என்று ஓட்டுநர் கண்டும், மேலிடத்தின் வற்புறுத்தலால் இறங்கிய சம்பவங்கள் உண்டு. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, அத்திருத்தங்கள் 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தன. வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, அதனை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்கத் தவறுவாராயின், தொழிலாளி அவ்வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை அச்சட்டம் அளிக்கிறது. ஆகவே ஓட்டுநர் முதலில் மண்டோரிடமோ நிர்வாகியிடமோ பாதையின் நிலையைத் தெளிவாகக் கூற வேண்டும்; இயன்றால் நேரில் அழைத்துச் சென்று காட்ட வேண்டும். வேலையின்போது நேரும் விபத்தில் சொக்சோ பாதுகாப்பு உண்டென்றாலும், அது இழந்த காலைத் திரும்பத் தராது.

பல தோட்டங்களில் லோ கியரை மழைக்காலம் வந்தால்தான் நினைக்கிறார்கள். எட்டு மாதம் அசையாமல் கிடந்த இணைப்புகள் துருவேறி, வேண்டிய நேரத்தில் இயங்க மறுக்கின்றன. எனவே மாதத்திற்கு ஒருமுறையேனும், தார் போடாத சமமான பாதையில், 4எச் நிலையில் சில கிலோமீட்டர் ஓட்டுவதும், 4எல்லுக்கு மாற்றிச் சிறிது தூரம் ஊர்ந்து செல்வதும், டிஃப் லாக்கைப் போட்டு விளக்கு எரிகிறதா, விடுவித்ததும் அணைகிறதா என்று பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். ஆழமான நீரைக் கடந்து வந்திருந்தால், அச்சுப் பெட்டியின் எண்ணெய் வெளுத்துப் பாலைப்போல் தோன்றுகிறதா என்று அடைப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. அன்றைக்கே எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.